இறாலுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டில் இறாலுக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது வாணலி. நல்லவாட்டுக் கடற்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வரும் மீன்காரம்மா தெருமுனையில் ஹாரன் அடித்தால் பாத்திரத்தோடு ஓடுவேன். உரித்து, மஞ்சள் போட்டுக் கழுவி, தொக்கு வைத்தால் அன்றைக்குச் சாப்பிடும்போது யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். அதனால் என் மருமகள் ஒரு பிளாஸ்டிக் கவரில் நகத்தளவு சிவப்பு இறால்களை வாங்கிவந்து தன் மீன் தொட்டியில் விட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாமா இது, எறாவ போயி வளக்கற? இது தொக்குக்கு ஆவறதுக்குள்ள எங்களுக்கு அறுவதாம் கல்யாணமே வந்துடும்."

அவளும் சிரித்தாள். "இது துன்றதுக்கு இல்ல அத்த. பாக்கறதுக்கு."

கல்யாணமாகி வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அரியாங்குப்பத்துப் பெண். வரும்போது துணிப்பெட்டியை எல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, மடியில் வைத்து அவளே எடுத்துவந்தது ஒரு மீனைத்தான். கருநீல நிறம், உடம்பைவிடப் பெரிய வால். பெட்டா என்று பெயராம், கடையில் ஃபைட்டர் என்றுதான் கேட்கவேண்டும். இன்னொரு ஃபைட்டரை உள்ளே விட்டால் ஒன்று சாகும்வரை சண்டை போடுமாம். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, கொத்துக் கொத்தாகப் பாசி வளர்த்து, கூடத் துணைக்கு இறாலையும் விட்டாள். சண்டைக்காரனோடு இறால் பிழைக்குமா என்று கேட்டேன். "பாசி நெறைய இருந்தா ஒளிஞ்சிக்கும் அத்த. இவனும் சாதுதான், சும்மா வேசம் போடுவான்" என்றாள். அவளும் புதிதாகத்தான் பழகிக்கொண்டிருந்தாள். போனில் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்வாள்.

நான் பாகூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளை அதட்டி அதட்டியே பழகிய வாய், வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. சொந்தக்காரர்கள் இதை 'டீச்சர் வாய்' என்பார்கள். விசேஷ வீடுகளில் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாலு பேர் கொல்லென்று சிரிப்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான். என் மகன் கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது. பெண் வீட்டார் மண்டபத்தில் வரிசை பரப்பினார்கள். பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு செப்புக் குடம். சம்பந்தியம்மா அதை என் பக்கம் திருப்பி வைத்து, "செம்புல தண்ணி வச்சி குடிச்சா ஒடம்புக்கு நல்லதுங்க சம்பந்தி, கிருமியெல்லாம் செத்துப்பூடும்" என்றார்.

"எங்க வூட்ல மிஷின் தண்ணிங்க சம்பந்தி. இத இடுப்புல வச்சிக்கினு நான் எந்தக் கொளத்துக்குப் போறது?" என்றேன்.

என் பக்கத்துச் சனம் அத்தனையும் சிரித்தது. சம்பந்தியம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குடத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கிரைண்டர் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் குடம் லாஃப்டில் ஏறியது. நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போக வந்தார்கள். ஆடி முடியும்வரை அவள் அங்கே, இவன் இங்கே. போகிற நாளில் அவள் தொட்டியை விட்டு நகரவில்லை. எடுத்துக்கொண்டு போயேன் என்றேன். தொட்டியை ஆட்டி எடுத்துப்போனால் இறால் தாங்காது என்றாள். அவள் கண் என் மகன் பக்கம் போனது. தன் டிபன் பாக்ஸையே கம்பெனியில் மறந்துவிட்டு வருகிற ஆள் அவன். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அத்த, நீங்க பாத்துக்குவீங்களா?"

இதைச் சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மிக்ஸி போடக்கூட 'போடட்டுமா அத்த' என்று அனுமதி வாங்குவாள். நான் சாப்பிட்ட பிறகுதான் தட்டெடுப்பாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். முதல் முறையாகத் தனக்குப் பிரியமான ஒன்றை என்னை நம்பி ஒப்படைக்கிறாள். அவள் திரும்பி வரும்போது தொட்டியில் ஒன்றும் குறையக் கூடாது, என்னைப் பற்றி அவள் மனதில் ஒரு நல்ல வார்த்தை விழவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். மீனுக்குக் காலையில் ரெண்டு குருணைத் தீனி. இறாலுக்கு அதிகம் வேண்டாம், பாசியைச் சுரண்டித் தின்றுகொள்ளும். வாரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றவேண்டும். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும், அதனால் ஒரு நாள் பிடித்து வைத்திருந்து ஊற்றவேண்டும். அதற்கென்று ஒரு பக்கெட் வைத்திருந்தாள்.

ஆரம்பத்தில் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தேன். அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் உட்காருவது வழக்கமாகிவிட்டது. இறாலுக்கு முன்பக்கம் குட்டிக் கைகள். ஒரு கை மாற்றி ஒரு கை, எடுத்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டே இருக்கும். ஓய்வே கிடையாது. ஃபைட்டர் ஒரு முறை செவுளை விரித்துக்கொண்டு கிட்டே போகும். இறால் பின்பக்கமாக ஒரு துள்ளு துள்ளி மறையும். இவன் ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பிவிடுவான். நான் தனியாகச் சிரிப்பேன்.

ஒரு நாள் பாசி மேல் ஒரு இறால் அசையாமல் கிடந்தது. பதறி அவளுக்குப் போன் போட்டேன். உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடியாக இருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அய்யோ அத்த, அது செத்துப் போவல. சட்டய கழட்டிப் போட்டுக்கிது. வளர்ந்தா அப்படித்தான்" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் என்னிடம் அப்படிச் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் தண்ணீர் பிடிக்கப் பக்கெட்டைத் தேடினால் காணோம். என் வீட்டுக்காரர் அதை வயலுக்கு எடுத்துப்போயிருந்தார். மாலை திரும்பி வந்தது. வாசலில் வரும்போதே பூச்சிமருந்து வாடை.

"அது எறாவுக்குத் தண்ணி வைக்கிற பக்கெட்டுங்க! அதுல போயி மருந்து கலக்குவாங்களா? உங்களுக்கு அறிவு இருக்குதா?" என்று தெரு கேட்கக் கத்தினேன்.

"கழுவிட்டா போச்சி" என்றார் அவர்.

கழுவினால் போகுமா? பிளாஸ்டிக்கில் ஏறிய மருந்து என்றைக்குப் போகும்? மற்ற பக்கெட்டில் எல்லாம் சோப்பு. எவர்சில்வர் அண்டாவில் குடிக்கிற தண்ணீர். அப்போதுதான் லாஃப்டில் இருக்கும் செப்புக் குடம் நினைவுக்கு வந்தது. ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்தேன், தகதகவென்று வந்தது. செம்பில் வைத்த தண்ணீரில் கிருமி இருக்காது. அவள் அம்மா கொடுத்த குடத்தில் அவள் இறாலுக்குத் தண்ணீர். இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்து மறுநாள் தொட்டியில் ஊற்றினேன்.

அடுத்த ஒன்றிரண்டு நாளில் பாசி மேல் ஒன்று கிடந்தது. சட்டை மாற்றியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் இன்னும் ரெண்டு. நல்ல வளர்ச்சி என்று சந்தோஷப்பட்டேன். அதற்கு அடுத்த நாள் மூக்குக்கண்ணாடி போட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். அவை கண்ணாடியாக இல்லை. வெளிறிய சிவப்பில், வெந்நீரில் போட்டு எடுத்த மாதிரி இருந்தன. அந்த நிறத்தை எனக்குத் தெரியாதா என்ன? ஆயுசு முழுக்க வாணலியில் பார்த்த நிறம்தான்.

அப்போது ஃபைட்டர் வந்து ஒன்றைக் கொத்தியது. எனக்கு வந்ததே கோபம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "அடப்பாவி, சாது மாதிரி நடிச்சிக்கினு இவ்ளோ வேல பண்றியா?" என்று வலையால் அள்ளி, காலியான ஊறுகாய் பாட்டில் ஒன்றில் போட்டு, சமையல்கட்டு ஜன்னலோரம் வைத்தேன். அந்த வால் விரிவதற்கு உள்ளே இடமில்லை. மடிந்தே கிடந்தது. பக்கத்தில் போகும்போதெல்லாம் 'கொலகாரா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவேன்.

மருமகளிடம் சொல்லவில்லை. குறைந்ததை வாங்கி ஈடு கட்டிவிடலாம் என்று வில்லியனூரில் ஒரு வண்ணமீன் கடைக்குப் போனேன். அதே சிவப்பு இறால் கிடைத்தது. விடுவதற்கு முன்னால் பழைய தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு, குடத்துத் தண்ணீரை நிறைய ஊற்றினேன். மீன் எச்சில் பட்ட தண்ணீர் போகட்டும் என்றுதான். புது இறால்கள் மறுநாளே தள்ளாடின. ஒன்று மல்லாந்து கிடந்து காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் ஃபைட்டரே இல்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, கடைக்குப் போய் நின்றேன்.

"சாவப் போறதப் பாத்துப் பொறுக்கிக் குடுத்துட்டியா? இன்னா ஏமாத்து வேல இது?"

என் மாணவன் ஒருவனின் அம்மா அந்தத் தெருவில் பூ வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் குரல் இன்னும் ஏறியது. கடைக்காரர் "தண்ணி கிண்ணி..." என்று ஆரம்பித்தார். "எங்க வூட்டுத் தண்ணிய பத்தி நீ பேசாத" என்று வாயை அடைத்தேன். அவர் இன்னொரு கவரில் இறால் பிடித்துக் கொடுத்தார்.

அன்று மாலை மருமகள் வீடியோ காலில் வந்தாள். இனிமேல் மறைக்க முடியாது. "உன் மீனு எறாவெல்லாம் கடிச்சிப் போட்டுடுச்சிமா. நானும் வேற வாங்கி வுட்டுப் பாத்தேன்" என்றேன். எப்படியெல்லாம் பார்த்துக்கொண்டேன் என்று காட்டுவதற்காகப் போனைத் திருப்பினேன். தொட்டி, சுத்தமான பாசி, அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் மினுக்கிக்கொண்டு செப்புக் குடம்.

"பாரு, பக்கெட்டுல கூட வைக்கல. உங்க அம்மா குடுத்த கொடத்துலதான் தண்ணி வச்சி ஊத்தறேன்."

"அய்ய! நம்ம கொடம்டி!" என்று சம்பந்தியம்மா திரைக்குள் முகத்தை நீட்டினார். அந்த முகத்தில் அவ்வளவு மலர்ச்சியை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. "வச்சிப் பொழங்கறீங்களா சம்பந்தி? நான் லாஃப்ட்ல கெடக்கும்னு நெனச்சேன்."

மருமகள் முகம் அப்படியே நின்றது. இமைகூட ஆடவில்லை. நெட்வொர்க் என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன். கொஞ்சம் கழித்து, "மீனுதான் அத்த கடிச்சிருக்கும். அவன் அப்படித்தான். வுடுங்க" என்றாள். "நான் வர்ற வரிக்கும் தண்ணி மாத்த வேணாம் அத்த. அப்படியே இருக்கட்டும்."

என் சுத்தத்தின்மேல் சந்தேகமா என்று உள்ளே சுருக்கென்றது. அடுத்த நாள் வழக்கம்போல் குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். நாலைந்து நாள் கழித்து என் மகன் அரியாங்குப்பம் பக்கம் ஏதோ வேலை என்று போய்விட்டு, புத்தம் புது நீல பக்கெட் ஒன்றோடு வந்தான். "அவ குடுத்து அனுப்பிச்சா. எறாவுக்குத் தண்ணி வைக்கவாம்" என்றான். நம் வீட்டில் பக்கெட்டுக்கா பஞ்சம் என்று அதைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தேன்.

ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு காலையில் தொட்டியில் அசைவே இல்லை. பாசியைக் கிளறிப் பார்த்தேன். உயிரோடு ஒன்றுகூட இல்லை. அவள் வந்து பார்க்கப்போகிறாளே என்ற பயம் எனக்குள் வேறு ரூபம் எடுத்தது. மகனுக்கு இட்லி வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"வளக்கத் தெரியாம ஒண்ண வாங்கிட்டு வந்து என் தலையில கட்டிட்டுப் போயிட்டா. அவங்க வூட்ல எதத்தான் ஒழுங்கா சொல்லிக் குடுத்துக்கிறாங்க? இந்த மீனும் அப்படித்தான், பாத்தா ஒண்ணும் தெரியாத மாதிரி..."

"அம்மா, போதும்" என்றான். தட்டைத் தள்ளி வைத்தான். எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. "செம்புல வச்ச தண்ணி எறாவுக்கு வெசம்மா. மீனு தாங்கும், எறா தாங்காது. அன்னிக்கி கொடத்தப் பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிப்போச்சி."

"தெரிஞ்சா சொல்றதுதானே?"

"எப்படிம்மா சொல்லுவா? அவங்க அம்மா பக்கத்துல நின்னுக்கினு அவ்ளோ சந்தோசப்படறாங்க. என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டா. சொன்னா நீ மறுபடி கொடத்த மேல ஏத்திடுவியாம். அடுத்த விசேசத்துல, எங்க சம்பந்தி குடுத்த கொடம் எறாவ சாவடிச்சிடுச்சின்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பியாம். எறா போனா போவட்டும்னுட்டா."

அவன் கை கழுவிக்கொண்டு போய்விட்டான். நான் இட்லித் தட்டைக் கையில் வைத்தபடியே நின்றேன். அப்படியெல்லாம் நான் சொல்லமாட்டேன் என்று எனக்குள்ளேயே மறுக்கப் பார்த்தேன். ஆனால் அவன் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த வாக்கியம் என் நாக்கில் தயாராகிவிட்டிருந்தது. எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் சனம் சிரிக்கும் என்பதுவரை எனக்குத் தெரிந்தது. மூன்று மாதத்தில் அந்தப் பெண் என்னை அவ்வளவு சரியாகப் படித்துவைத்திருந்தாள். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். பள்ளிக்கூடத்தில் அன்று முழுக்க யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டார்கள், நான் அதட்டவில்லை.

மாலை வந்து நீல பக்கெட்டைக் குளியலறையிலிருந்து எடுத்து அலம்பி, தண்ணீர் பிடித்து வைத்தேன். மறுநாள் தொட்டியை முழுவதும் கழுவி, பக்கெட் தண்ணீரை நிரப்பி, ஊறுகாய் பாட்டிலிலிருந்து மீனைத் திரும்ப விட்டேன். அது உடனே நீந்தவில்லை. பாட்டிலுக்குள் இருந்த அளவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வால் நுனி கிழிந்திருந்தது. அதனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் ஒரு மீனிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆடி கழிந்து அவளைக் கொண்டுவந்து விடச் சம்பந்தியம்மாவும் கூட வந்தார். செப்புக் குடத்தை நான் மேலே ஏற்றவில்லை. மறுபடி புளி போட்டுத் தேய்த்து, குடிக்கிற தண்ணீர் நிரப்பி, மூடி போட்டுச் சமையல்கட்டு வாசலிலேயே வைத்திருந்தேன். அவர் வந்ததும் நேராக அதனிடம்தான் போனார். புடவைத் தலைப்பால் அதன் கழுத்தை ஒரு துடை துடைத்தார். நான் அதிலிருந்து டம்ளரில் மொண்டு அவருக்குக் கொடுத்தேன். எனக்கும் மொண்டுகொண்டேன்.

மருமகள் கூடத்தில் தொட்டிக்கு முன் நின்றாள். நீல பக்கெட் தொட்டிக்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்வையை டம்ளருக்குள் திருப்பிக்கொண்டேன்.

"எறா எங்கடி, ஒண்ணையும் காணோம்?" என்று கேட்டுக்கொண்டே சம்பந்தியம்மா தொட்டியருகே வந்தார்.

அப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்னால்தான் செத்தது என்று சொன்னால் எப்படி என்று கேட்பார். எப்படி என்று சொன்னால் குடத்தைச் சொல்லவேண்டும். அவர் கையில் அந்தக் குடத்துத் தண்ணீர் இருந்தது. திறந்த டீச்சர் வாயை டம்ளரால் அடைத்துக்கொண்டேன்.

"மீனு துன்னுடுச்சிமா" என்றாள் மருமகள்.

"அடப்பாவி" என்று சம்பந்தியம்மா கண்ணாடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "ஒண்ணுகூட வுட்டு வைக்கலயா நீ?"

ஃபைட்டர் கிழிந்த வாலை ஆட்டிக்கொண்டு அந்த விரலை நோக்கி வந்தது. தீனி போடப்போகிறார்கள் என்று நினைத்திருக்கும். சம்பந்தியம்மா அதை இன்னும் நாலு திட்டு திட்டினார். நானும் என் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அது திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.